கொண்டை ஊசி பாயும் ஐந்து மணி மெயிலும்

கொடைக்கானலில் கொண்டை ஊசி என்றால் டிரைவர்களுக்கு ரோட்டு வளைவு, பெண்களுக்குத் தலையில் செருகுவது. எங்கள் நாயுடுபுரத்துக்கு மட்டும் அது ஒரு மனிதர். இந்த மலையில் படுத்துவிட்ட கம்ப்யூட்டர்களில் பாதியைப் பிழைக்கவைத்தவர் அவர்தான். அவற்றின் சொந்தக்காரர்களைச் சாகடிக்கப் பார்த்தவரும் அவர்தான்.

அவர் காதில் எந்நேரமும் ஒரு கொண்டை ஊசி செருகியிருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால், உள்ளே கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத்தான் முதலில் சந்தேகப்படுவார். அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஊசியால் இணைப்பார். ஃபேன் சுற்றினால் டப்பா தப்பித்தது. "செத்துப்போச்சு பாய்" என்று யாராவது சொன்னால் மூக்கு சிவந்துவிடும். "டாக்டர் நானா, நீங்களாங்க?" என்பார்.

என் ஜெராக்ஸ் கடையின் ஒரே கம்ப்யூட்டர், ஒரு மழைநாளில் மதியம் மூன்றேகாலுக்குக் கண்ணை மூடியது. அதற்குள்தான் மலரின் ஆய்வேடு இருந்தது. மலர் வில்பட்டிப் பெண். வேலை முடிந்ததும் என் கடைக்கு வந்து, ஒரு வருஷமாக மலைப்பூண்டைப் பற்றி டைப் அடித்தாள். அன்றும் கடையில்தான் இருந்தாள், ஐந்து மணிக்குள் அது மெயிலில் போயாகவேண்டும். போகாவிட்டால் பட்டம் இல்லை, அதை நம்பித் தருவதாகச் சொன்ன காலேஜ் வேலையும் இல்லை. வேறு காப்பியும் கிடையாது. "நாளைக்குப் பென் டிரைவ்ல போட்டுக்கலாம்மா" என்று தினமும் சொன்ன சோம்பேறி நான்தான்.

பாய் வந்தார். டப்பாவை முகர்ந்து பார்த்தார்.

"டிஸ்க்கைக் கழட்டி உங்க கடை சிஸ்டத்துல மாட்டலாமே பாய்?" என்றேன்.

"உசுரோட இருக்குறது என் கடைக்கு ஏங்க வருது? அங்க எல்லாம் படுத்துத்தான் கெடக்கு."

புது டப்பா வேண்டுமென்றால் திண்டுக்கல்லிலிருந்து மலையேறி வரவேண்டும். பாய் காதைத் தடவினார். ஊசி இல்லை, மழையில் எங்கோ விழுந்துவிட்டது. நான் ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டினேன்.

"இது ஆபீஸ் சாமானுங்க. நம்ம சோலி ஆஸ்பத்திரிச் சோலி" என்று தள்ளிவிட்டு, ஜீப் ஓட்டும் சேகருக்குப் போன் போட்டார். "ஏலே சேகரு, கொண்டை ஊசி வேணும். வெரசா!"

அரைமணி நேரம் காத்திருந்தோம். மலர் கடிகாரத்தைப் பார்த்தாள், நான் மலரைப் பார்க்காமல் இருந்தேன். நாலு மணிக்கு சேகர் கூப்பிட்டான்.

"பாய், ரெண்டு கொண்டை ஊசி எறங்கிட்டேன். நீங்க எந்தக் கொண்டை ஊசில நிக்கிறீங்க?"

எனக்குத் தலை சுற்றியது. மலர் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிப் பாய் கையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தவர் அதைத் தள்ளிவிடவில்லை. பச்சையிலும் கறுப்பிலும் ஊக்கைச் செருகி ஸ்விட்ச் போட்டார். ஃபேன் அசையவில்லை.

"இவன்தான்" என்றார். பிளக்கைப் பிடுங்கினார். டப்பாவைத் திறப்பார் என்று பார்த்தால், ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பாய், மணி நாலு பத்து!"

"பிளக்கைப் பிடுங்குனாலும் உள்ள கரண்ட்டு கெடக்கும். பத்து நிமிசம் ஒருத்தரும் தொடக்கூடாது. டீ சொல்லுங்க."

அந்த டீயை அவர் ஊதி ஊதிக் குடித்ததைப் போல ஒரு கொடுமையை நான் பார்த்ததில்லை. கடவுளே, இந்த ஆளையா கூப்பிட்டேன் என்று நொந்துகொண்டேன். நாலு இருபதுக்கு டப்பாவைத் திறந்தார். பேனா மூடி அளவில், கரண்ட்டைத் தேக்கிவைக்கும் ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பி நின்றது.

"பாருங்க, வாயுத் தொல்லை."

சட்டைப்பையில் இருந்த பாக்கு டப்பாவைத் திறந்து, பழைய கெப்பாசிட்டர்களில் ஒத்துவருவதைத் தேடி, சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். முதல் பற்று பிடிக்கவில்லை. மறுபடி பற்றவைத்தார். நாலு ஐம்பதுக்கு ஊக்கைச் செருகி ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் சுற்றியது. எல்லாவற்றையும் மாட்டி, திரை வெளிச்சம் வந்து, ஆய்வேட்டை மெயிலில் சேர்க்கும்போது நாலு ஐம்பத்தாறு. மழையில் நெட் நத்தையாக ஊர்ந்தது. மலர் மவுஸை விடவே இல்லை. ஐந்துக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் "அனுப்பப்பட்டது" என்று வந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

சந்தோஷத்தில் திரும்பினேன். பாய் சுவர்ப்பக்கம் நின்றிருந்தார். வலது கையில் சால்டரிங் அயர்ன், இடது கை மட்டும் ஏந்தியிருந்தது. உதடுகள் முணுமுணுத்தன.

"என்ன பாய், மெஷினுக்கா துவா?"

"மெஷினுக்கு நான் இருக்கேன்லங்க. இது அந்தப் புள்ளைக்கு."

அந்த மனுஷனை அப்படியே கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. அயர்ன் இன்னும் சூடாக இருந்ததால் விட்டுவிட்டேன்.