சத்தமில்லாமல் ஒரு சத்தியம்

கடைசி வரியில் சிரிப்பீர்கள், உத்தரவாதம். அதுவரை பல்லைக் காட்டக் கூடாது. முதலில் எங்கள் அப்பாவின் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா எதைச் சொன்னாலும் "க்ஹும்" என்று ஒரு கனைப்பு. பிறகு "அதாவது". அதற்குப் பிறகுதான் விஷயம். அந்தக் கனைப்பை நான் ஆறு வயதிலேயே திருடிவிட்டேன். போனில் நான் கனைத்தால் சொந்த அத்தையே என்னிடம் "சொல்லுண்ணா" என்பாள்.

இப்போது வழக்குக்கு வருவோம். கல்யாணத்தன்று வீடியோக்காரர் மைக்கை நீட்டியபோது, "இவளுக்கு ஆயுசு முழுக்கக் காலை காபி என் கையாலதான்" என்று அப்பா சொன்னார். இது அம்மா கட்சி. "நான் எங்க சொன்னேன்? ஆதாரம் இருக்கா?" இது அப்பா கட்சி. டிவிடி பிளேயர் மண்டையைப் போட்டுப் பதினோரு வருஷம். ஆகவே பதினோரு வருஷமாக அப்பா ஜெயித்துக்கொண்டிருந்தார்; அம்மா ஐந்தரை மணிக்கு எழுந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு, யாரிடமோ ஒரு டிவிடி டிரைவைக் கடன் வாங்கி வந்து, வீட்டிலிருந்த டிவிடி அத்தனையையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற அப்பா உட்கார்ந்தார். கல்யாண டிவிடியின் முறை வந்ததும் அம்மாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"க்ஹும். அதாவது, இதுல பிட்ரேட்னு ஒண்ணு இருக்கு."

"எனக்கே பிட்டா?"

"பிட்ரேட்டும்மா. தரம் குறையக் கூடாதுன்னா அதைக் கூட்டணும்."

"தாரம் குறையக் கூடாதுன்னா எதைக் கூட்டணும்? வீட்டையா?"

அப்பா காது கேளாதவர்போல மவுசை நகர்த்தினார். 'ஒலி' என்ற கட்டத்துக்குப் போய் 'வேண்டாம்' என்று ஒரு தட்டு.

"ஏங்க, சத்தத்தை எதுக்கு எடுக்குறீங்க?"

"ஃபைல் கனமாயிடும்."

"நீங்க சொன்ன ஒரு வார்த்தை அவ்ளோ கனமா?"

"பழைய மைக்கும்மா, ஒரே இரைச்சல். படம்தானே முக்கியம்?"

"சரிங்க. உங்க இஷ்டம்."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் அந்த 'உங்க இஷ்ட'த்திலேயே நடுங்கியிருக்க வேண்டும். அவரோ சீட்டியடித்தார். வேலை முடிந்ததும், "இனிமே இது எதுக்கு?" என்று டிவிடியை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, முடிவெட்டக் கிளம்பினார்.

செருப்புச் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"கனைடீ."

மாலையில் டிவியில் போட்டோம். மாப்பிள்ளைக் கோலத்தில் அப்பா மைக்கின் முன் நின்றார். உதடு ஒரு பக்கம் போக, குரல் ஒரு பக்கம் வந்தது.

"க்ஹும். அதாவது, இவளுக்கு ஆயுசு முழுக்கக் காலை காபி என் கையாலதான். பாத்திரமும் நானே தேய்ப்பேன். துணியும் நானே மடிப்பேன். மாமியார் வந்தா கால் அமுக்கி விடுவேன்."

அப்பா சோபாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"அநியாயமா இருக்கே. பாத்திரமா? துணியா? காலா? இதெல்லாம் நான் சொல்லவே இல்ல. காபி மட்டும்தான் சொன்னேன்."

அம்மா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"அது போதுங்க," என்றாள் அம்மா. "ஆதாரம், ஆதாரம்னு கேட்டீங்களே. அதுக்குள்ளயே ஒரு தாரம் உக்காந்திருக்கா, கவனிக்கலியா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, என் பக்கம் திரும்பினார்.

"க்ஹும்," என்றேன். "அதாவது, நாளைக்கு எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்ப்பா."