தாழ்மைக்கு இடப்பற்றாக்குறை

அந்தச் சபையில் யார் எங்கே உட்காருவது என்பதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. முதல் பெஞ்சில் கட்டடக் காண்டிராக்டர். அவருக்குப் பக்கத்தில் சபைச் செயலாளர். மற்றவர்கள் அவரவர் கௌரவத்துக்குத் தகுந்தபடி பின்னால். கடைசி பெஞ்சு வாசல் கதவை ஒட்டியிருந்தது. அங்கே மின்விசிறிக் காற்று எட்டாது. பிரசங்கம் பாதிதான் கேட்கும், தெருவில் போகிற வண்டிச் சத்தம் முழுசாகக் கேட்கும். அதில் செயலாளருடைய அக்கா தன் அப்பாவோடு உட்காருவாள்.

அக்காவின் அப்பா என்றால் செயலாளருக்கும் அப்பாதான். ஆனால் சபையில் அவர் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவருடைய ஞாபகமும் ஓய்வு பெற்றுவிட்டது. பெற்ற மகனையே அடையாளம் தெரியாது. டூட்டி மட்டும் மறக்கவில்லை. போதகர் உருகி உருகி ஜெபிக்கும்போது, "டிக்கெட் எடுக்காதவங்க யாரு?" என்று கேட்டுவிடுவார். அந்த நேரத்தில் செயலாளருக்கு பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருக்கும்.

அதனால்தான் அக்கா கதவோரம் உட்காருவது. அப்பா ஆரம்பித்தால் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய், ஒரு சுற்று நடத்தி, பாட்டு தொடங்கியதும் அழைத்து வருவாள். பாட்டு கேட்டால் அப்பா அடங்கிவிடுவார். தையல் மெஷினோடும் அப்பாவோடும் வாரம் முழுக்க மல்லுக்கட்டுகிற அக்காவுக்கு, அந்தப் பாட்டு நேரம் ஒன்றுதான் சும்மா உட்காரக் கிடைப்பது. அதை நம்பித்தான் அவள் வாரத்தை ஓட்டினாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சபையில் போதகர் ஒரு காரியம் செய்தார். தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எங்கே போனாலும் முதல் இடத்துக்கு அடித்துப் பிடித்து ஓடாமல், கடைசி இடத்தில் போய் உட்காருங்கள் என்றார். அன்றைக்கு அவருக்கு வேறு ஏதாவது தலைப்பு கிடைத்திருக்கலாம்.

மறுவாரம் காண்டிராக்டர் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சபையே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். எவ்வளவு பெரிய மனுஷன், எவ்வளவு எளிமை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த செயலாளருக்கு, சட்டையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது போல் கூச்சமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் மணியடிக்கும் முன்பே கடைசி பெஞ்சு நிரம்பிவிட்டது. முதல் நாளே வந்து கைக்குட்டை போட்டு இடம் பிடித்தவர்களும் இருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க. நான் உங்களைவிடத் தாழ்ந்தவன்."

"அதெப்படி? போன வாரமே நான் எனக்கு ஒரு தகுதியும் இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு. நீங்க அன்னிக்கு ஊர்லயே இல்ல."

விவகாரம் கைகலப்புக்குப் போகும் முன் சபைக் கமிட்டி அவசரமாகக் கூடியது. தாழ்மையை இப்படிக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் தாழ்மையாகிவிடுவார்கள் என்று மூத்த உறுப்பினர்கள் கவலை தெரிவித்தார்கள். ஆகவே, கடைசி பெஞ்சானது கமிட்டியால் முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட தாழ்மையுள்ளோருக்கு மட்டுமே உரியது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இதைக் கண்காணிக்கத் தாழ்மை உபகமிட்டி ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் பதவி தனக்கு வேண்டவே வேண்டாம் என்று செயலாளர் கைகூப்பிக் கெஞ்சினார். அவ்வளவு உருக்கமாக வேறு யாரும் கெஞ்சாததால் பதவி அவருக்கே போயிற்று.

அங்கீகாரம் பெற்றவர்கள் வியர்க்க வியர்க்க உட்காரலாமா? மின்விசிறிகள் பின்னால் போயின. ஒலிபெருக்கியும் போயிற்று. கடைசி பெஞ்சுக்கு மெத்தை தைக்கும் வேலையை அக்காவுக்கே கொடுத்தார்கள். மெத்தையைக் கொண்டுவந்து கொடுத்த அன்று அவள் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, இனிமே அப்பாவை நான் எங்க உட்கார வைக்கிறது?"

"முன்னாடி பெஞ்சு எல்லாம் காலியாத்தானே கிடக்கு?"

"போதகர் மூக்குக்கு நேரா உட்கார்ந்துகிட்டு டிக்கெட் கேட்டார்னா?"

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "அதான் சொல்றேன். கொஞ்ச நாளைக்கு அவரை வீட்டிலேயே வெச்சிரேன்."

"அவரை வெச்சா நானும்தான் வீட்டில இருக்கணும். நீ வந்து பார்த்துக்கறியா?"

"எனக்கு ஞாயித்துக்கிழமை உபகமிட்டி இருக்கே."

"கதவோரமா எங்க ரெண்டு பேருக்கு மட்டும் இடம் விடுப்பா. இத்தனை வருஷமா அங்கதானே இருக்கோம்."

"இருந்தீங்க, சரி. ஆனா தாழ்மையிலயா இருந்தீங்க? வேற வழியில்லாம இருந்தீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. நீ தாழ்மையானவள்னு எழுதிக் கொடு, பரிசீலிக்கிறோம்."

"நான் தாழ்மையானவள்னு நானே எப்படி எழுதறது?"

"பாத்தியா, உனக்கே சந்தேகமா இருக்கு. நாங்க எப்படி நம்பறது?"

அக்கா அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டி வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். கதவு திறந்திருந்ததால் பாட்டு கேட்டது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

காண்டிராக்டரின் கண்ணுக்குத்தான் அது உறுத்தியது. மெத்தை மேல் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். கடைசி பெஞ்சைவிடப் படி தாழ்வு. அளந்து பார்த்தாலும் தாழ்வு. ஒரு தையல்காரி தன்னைவிடத் தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, தான் உயரத்தில் உட்கார்ந்திருப்பதா? மறுவாரம் அவர் படிக்கு வந்துவிட்டார். அவர் வந்தால் சபை வராமலிருக்குமா? மெத்தையும் வந்தது. பிறகு படிகளுக்கு அவரே பளபளவென்று கல் பதித்துக் கொடுத்தார். மேல்படி சாதாரண உறுப்பினர்களுக்கு, நடுப்படி கமிட்டிக்கு, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற படி மிக உயர்ந்தவர்களுக்கு என்று உபகமிட்டி வகுத்தது.

இந்தச் செய்தி பேராயர் காதுக்கு எட்டியது. இப்படியும் ஒரு சபையா, நேரில் பார்க்க வேண்டுமே என்றார். மேலிடக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது என்பதும், செயலாளருக்கு அதன் மேல் ஒரு கண் இருந்தது என்பதும் இங்கே சொல்ல வேண்டியதில்லை. பேராயர் வருகிற அன்று கீழ்ப்படி செயலாளருக்கு என்று முடிவாயிற்று. காண்டிராக்டர் அவருக்கு ஒரு படி மேலே. அந்த அவமானத்தைக் காண்டிராக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

முந்தின நாள் செயலாளர் அக்காவுக்குப் போன் செய்தார். "நாளைக்கு ஒருநாள் படிப்பக்கம் வந்திராதீங்க. ஒரு கால் வைக்கக்கூட இடம் கிடையாது."

"சரி தம்பி, படிக்கு வரல," என்றாள் அக்கா.

பேராயர் வந்தார். படிகளில் நெருக்கியடித்து நின்ற சபையைப் பார்த்துக் கண் கலங்கினார். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழ்ப்படிக்கும் கீழே வெறுந்தரையில் போய் நின்றார். செயலாளர் தரையைவிடத் தாழ்வான இடம் ஏதாவது உண்டா என்று பார்த்தார். பக்கத்தில் சாக்கடை ஒன்று இருந்தது. அதையும் ஒரு நிமிஷம் யோசித்தார்.

அப்போது அக்கா அப்பாவோடு வந்தாள். சொன்ன சொல் தவறாமல் படியில் நிற்கவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க," என்று கூட்டத்துக்கு நடுவே ஏறி உள்ளே போய்விட்டாள். உள்ளே போதகரைத் தவிர ஒருவரும் இல்லை. கடைசி பெஞ்சில் 'அங்கீகரிக்கப்பட்ட தாழ்மையுள்ளோருக்கு மட்டும்' என்ற பலகை இன்னும் தொங்கியது. அதனால் நேராக முன்னால் போய் முதல் பெஞ்சில் அப்பாவை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. சத்தம் கேட்டு அப்பா திரும்பிப் பார்த்தார். கதவுக்கு வெளியே படி கொள்ளாத கூட்டம் நனைந்துகொண்டு நின்றது. அவர் விறுவிறுவென்று எழுந்து வாசலுக்கு வந்தார்.

"படியில நிக்காதீங்க. எல்லாம் உள்ள ஏறுங்க. உள்ள இடம் காலியா கிடக்கு, முன்னாடி போங்க."

யாரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க முதல்ல போங்க."

"ஐயோ, உங்களுக்கு முன்னாடி நானா? நீங்க போங்க."

"பேராயர் இருக்கும்போது நாம எப்படி?"

"நான் எல்லாருக்கும் பின்னாலதான்," என்றார் பேராயர், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட.

அப்பாவின் கண் கீழ்ப்படியில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "டேய் சின்னவனே," என்றார். "நீ எங்கடா இங்க? நனையாத. மேல ஏறி வா."

அவர் மகனை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. செயலாளருக்கு வந்துட்டேம்ப்பா என்று சொல்ல வாய் வந்தது. ஒரு காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தும் விட்டார். அந்தக் கால் இருந்த இடத்தில் காண்டிராக்டருடைய கால் மெல்ல இறங்குவதைப் பார்த்தார். பேராயர் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார். காலைத் திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

அப்பா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். கண்டக்டர் எவ்வளவு நேரம்தான் வண்டியை நிறுத்தி வைக்க முடியும்? அக்கா வந்து கையைப் பிடித்தாள். அவர் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்," என்றார். போதகர் பாட்டை ஆரம்பித்தார். முதல் பெஞ்சில் அப்பா அமைதியாக உட்கார்ந்திருக்க, அக்கா சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே சபையும் பேராயரும் நனைந்தபடி கூடவே பாடினார்கள். கர்வம் பிடித்த ஒரே ஒரு ஆள் முதலில் ஏறிப் போனால் போதும், மற்ற எல்லோரும் அவரைக் குறை சொல்லிக்கொண்டே பின்னால் உள்ளே போய்விடலாம். அப்படி ஒரு ஆளைத்தான் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சபையில் அப்படி ஒருவர்கூட இல்லை.