மானிட்டரின் நிறை குறைகள் குறித்து மாப்பிள்ளைக்கு

திண்டுக்கல்,
10.5.2001

அன்பு மாப்பிள்ளை மதியழகனுக்கு,

மச்சான் பொம்மையன் எழுதுவது. நானும் உன் அக்கா இசைவாணியும் சுகம். பெங்களூர்க் குளிரில் நீயும் அவ்வாறே இருக்கத் தாடிக்கொம்புப் பெருமாள் அருள்வாராக.

உன் ஆபீசில் கழித்த இருபத்தொரு அங்குல மானிட்டரை நம் அச்சகத்துக்கு அனுப்பி, பத்து நாள் பார்த்து நிறை குறைகளை எழுதுங்கள், வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று முடிவு செய்யலாம் என்றாய். எழுதுகிறேன்.

முதலில் கனம். லாரி ஆபீசிலிருந்து கொண்டுவந்த ஆட்டோ அப்துல் கையூம் பாய், "ஏண்ணே, உள்ள ஆட்டுக்கல்லா வச்சிருக்கீக?" என்றார். மேசையில் வைத்தோம், மேசை நடுவில் பிளந்தது. ஆகவே நான் மதியம் சாயும் இரும்புக் கட்டிலில் இப்போது மானிட்டர் இருக்கிறது, நான் தரையில் இருக்கிறேன். சுவிட்சைப் போட்டதும் 'டொய்ங்' என்று உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. பாய் இரண்டடி பின்வாங்கி, "மாஷா அல்லாஹ்" என்றார். அப்புறம் படம் விழுந்தது பார், மாப்பிள்ளை! பழைய பதினாலு அங்குலத்தில் இத்தனை வருடம் நான் பார்த்தது நிறமே இல்லை. கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டால் விரலில் ஒட்டும்போல இருந்தது. ஆனால் பக்கத்தில் ஃபேன் ஓடினால் பிள்ளையார் தண்ணீரில் விழுந்ததுபோல் ஆடுகிறார். ஃபேனை வாசலுக்குத் தள்ளிவிட்டேன். சித்திரை வெயிலில் தெருவில் போகிறவர்களுக்குக் காற்று வருகிறது.

அடுத்த நாள் குஜிலியம்பாறை நல்லுசாமி அண்ணன், தன் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். மானிட்டரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளைப் பையன் போட்டோவை, "செத்தப் பெருசு பண்ணுங்க" என்றார். பண்ணினேன். "இன்னுஞ் செத்த." கன்னத்தில் அரிவாள் வெட்டுப்போல ஒரு கோடு! "இம்புட்டுப் பெரிய தழும்ப மறைச்சுப்புட்டானுகளே! பத்திரிக்கைய நிப்பாட்டுங்க!" என்று எழுந்தவர், அடுத்த பஸ்ஸிலேயே நெய்க்காரப்பட்டி மாப்பிள்ளை வீட்டில் போய் இறங்கி, பையனை வெளிச்சத்தில் நிறுத்திக் கன்னத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார். வழுவழுவென்று இருந்ததாம். "ஏனுங்க மாமா, என்னங்க பாக்கறீங்க?" என்று பையன் கேட்க, "கொசு" என்று சொல்லி ஓர் அறையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கோடு என் ஸ்கேனர் கண்ணாடியில் இருந்த கீறல்.

கண்ணாடியை மாற்றினேன். நல்லுசாமி அண்ணன் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தபோது, உன் அக்கா ஒரு குரூப் போட்டோவைக் கொண்டுவந்தாள். செம்பட்டியில் உங்கள் அப்பா வாத்தியாராக இருந்தபோது எடுத்தது. கடைசி வரிசையில் அப்பா பேனாவால் வைத்த புள்ளிக்குக் கீழே, மிளகு அளவு ஒரு முகம். உன்னைப் பெற்ற பதினோராம் நாள் போய்ச் சேர்ந்த உங்கள் அம்மா. அக்காவுக்கு அப்போது மூன்று வயது. வேறு படம் கிடையாது. பழைய மானிட்டரில் எத்தனை தடவை போட்டும் வெள்ளைப் பூச்சாகத்தான் தெரிந்தது. இதில் போட்டேன். பெரிதாக்கினேன்.

மாப்பிள்ளை, எப்படிச் சொல்வேன். கண் வந்தது. மூக்குத்தி வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய் வந்தது. கட்டில் உயரத்தில் அந்த அம்மா எங்களை நேராகப் பார்த்தார்கள். உன் அக்கா அழவில்லை. "ஏங்க, இது நம்ம மதி மூக்குங்க" என்றாள். பிறகு, "அம்மா என்னைய விடச் சின்னப் பொண்ணா இருக்குங்க" என்றாள். நல்லுசாமி அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். நானும் நின்றேன்.

அன்று முதல் கடையில் வேலை ஓடவில்லை. உன் அக்கா அடுப்பில் வெஞ்சனத்தை வைத்துவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று கத்தரிக்காய் கரியாகிவிட்டது. பத்திரிகைக்கு வருகிறவர்களிடம் நான் மெதுவாகப் பேசவேண்டியிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் நிறை ஒன்று, குறை ஐந்து. இவ்வளவு பெரிய சாமானைத் தாங்க என்னிடம் மேசையும் இல்லை, நெஞ்சும் இல்லை. ஆகவே லாரிக்குச் சொல்லிவிடு. திருப்பிவிடுகிறேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். மழை வெயில் பாராமல் அலையாதே.

இப்படிக்கு,
பொம்மையன்

பி.கு.: இதை உன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டுவிட்டு, "ஆசாரிட்ட தேக்குல மேசைக்குச் சொல்லியாச்சு. லாரி கீரின்னு எழுதுனீங்கன்னா, நீங்கதான் அதுல ஏறிப் போகணும். தம்பிய வந்து அம்மாவப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. சனிக்கிழமை பஸ்ஸில் வா. வரும்போது கையை வீசிக்கொண்டு வா. போகும்போதும் அப்படியே போகலாம்.