அளவுக்கு மீறிய அதிகாரம்

'இந்தக் கைபேசியின் உரிமையாளர் அளவுக்கு மீறிய அதிகாரம் வைத்திருக்கிறார். பாதுகாப்புக் கருதி இந்தச் செயலி திறக்காது.'

பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி வாசித்தார். கண்ணாடியில் குற்றமில்லை.

"டேய், இங்க வாடா. மாப்பிள்ளை என்ன எழுதி வெச்சிருக்கார்னு வந்து பாரு."

துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எந்தக் கப்பல் எப்போது உள்ளே வரலாம் என்று சொன்னவர். கப்பல்களைக் காக்க வைத்த மனிதரை ஒரு வங்கிச் செயலி வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அதுவும் வேற்று ஆள் செய்ததா? மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை தன் கையால் செய்த செயலி. கைபேசியோ, மகன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் புத்தம்புது இயங்குதளம் ஏற்றியது. இன்னும் கடைக்கே வராதது. அதில் எந்தச் செயலி ஓடும், எது முரண்டு பிடிக்கும் என்று சோதிக்க மகன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். "பொறுப்பான ஆள் பாக்க வேண்டிய வேலை, குடு" என்று வாங்கித் தன் சிம்மையும் அதில் போட்டுக்கொண்டுவிட்டார் அப்பா.

"உங்க பையன் போன்ல எங்க பையன் ஆப் ஓடுதான்னு ஒரு நாள் வந்து பாத்துடறோம்" என்று சம்பந்தி போன வாரம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு பெரியவருக்கு இன்னும் செரிக்கவில்லை. அந்த ஒரு நாள் இன்றுதான். சம்பந்தி முன்னால் மகனின் கைபேசி பல்லிளித்தால் இந்த வீட்டு மானம் என்ன ஆவது?

மகன் வந்து திரையைப் பார்த்தான்.

"ரூட்டைத் திறந்திருக்கீங்களாப்பா?"

"நீதானே சொன்னே, ரூட்டைத் திறந்தா போன் மேல முழு அதிகாரமும் நம்ம கைக்கு வந்துடும்னு."

"அப்படி ஒரு வசதி இருக்குன்னு சொன்னேன். திறங்கன்னு எங்க சொன்னேன்? அந்த அதிகாரம் இருந்தா எதை வேணா மாத்தலாம், அழிக்கலாம். அதான் பேங்க் ஆப் பயப்படுது. விட்டுக் குடுத்துடுங்க, திறந்துடும்."

"கைக்கு வந்த அதிகாரத்தைத் திருப்பிக் குடுக்கறதுக்குப் பேரு ராஜினாமா. நம்ம குடும்பத்துல எவனும் அதைச் செஞ்சதில்ல."

"சரி, அந்த ஆப்புக்கு மட்டும் தெரியாம மறைச்சு வெக்கலாம். அதுக்கும் வழி இருக்கு."

"மறைக்கிறதா? நாம என்ன களவாணிக் குடும்பமா?"

மகன் வழியை மட்டும் காட்டிவிட்டு, அலுவலக அழைப்பு என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெரியவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அதிகாரத்தை மறைப்பது பொய். ஆனால் அதிகாரத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருந்தால் அதற்குப் பெயர் அடக்கம். அடக்கத்துக்கு இந்தக் குடும்பம் பேர்போனது. மறைத்தார்.

செயலி திறந்தது. திறந்த கையோடு கேட்டது: 'கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கலாமா?'

"வந்து உட்காரக்கூட இல்ல, அதுக்குள்ள அடுப்படிய எட்டிப் பாக்கணுமா உனக்கு?" என்று மறுத்தார். இருப்பிடம் கேட்டது; மறுத்தார். சேமித்து வைத்த பெயர்களும் எண்களும் கேட்டது, வன்மையாக மறுத்தார். முழு அதிகாரம் உள்ளவரல்லவா, கைபேசி பணிவாகக் கேட்டது: 'எல்லாச் செயலிகளுக்கும் இப்படியே மறுத்துவிடலாமா?'

பாரபட்சம் அவருக்குப் பிடிக்காது. ஆம் என்றார்.

வங்கிச் செயலி மூடிக்கொண்டது. உடனே கைபேசி அடித்தது. பெயர்களைப் பார்க்க அழைப்புச் செயலிக்கும் இப்போது அனுமதி இல்லை. திரையில் பெயரில்லை; வெறும் எண்.

"யாருய்யா அது?"

"நாங்க கிளம்பிட்டோம்..."

"கிளம்பினா எனக்கென்ன? என் நம்பரை உனக்கு யார் குடுத்தா? இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தே, நடக்கிறதே வேற!"

"சம்பந்தி, நான்தான் பேசறேன்."

பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"என்னப்பா அங்க சத்தம்?" என்றான் மகன் உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல. சோதனை நல்லபடியாப் போகுது."

தொலைந்த பெயர்களை மீட்டாக வேண்டும். முழு அதிகாரம் உள்ளவருக்கு மட்டுமே திறக்கும் இடங்களுக்குள் புகுந்து தேடினார். அங்கே முன்பின் தெரியாத என்னென்னவோ அவரைக் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தன. துறைமுகத்திலும் அப்படித்தான், வேலை இல்லாதவன்தான் மேலதிகாரி கண்ணில் படும்படி ஓடிக்கொண்டிருப்பான். ஒன்றை நீக்கினார். பக்கத்தில் இருந்ததையும் நீக்கினார். 'இதை நீக்கினால் கைபேசி இயங்காமல் போகலாம்' என்றது அடுத்தது. மிரட்டலுக்குப் பணிகிற பரம்பரை அல்ல. அதையும் நீக்கினார்.

திரை இருண்டது. நிறுவனத்தின் முத்திரை வந்தது. போனது. மறுபடி வந்தது. போனது.

வாசல் மணி அடித்தது.

சம்பந்தி முன்னால், மாப்பிள்ளை அவருக்குப் பின்னால், மகள் கடைசியாக உள்ளே வந்தார்கள். நாற்காலியைக் காட்டியும் சம்பந்தி உட்காரவில்லை.

"தலை வெச்சுப் படுக்க வரல. போனைப் பாத்துட்டுப் போயிடறோம்."

பெரியவரின் கையில் முத்திரை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அறையிலிருந்து வந்த மகன் அதைப் பார்த்து வெளுத்துப் போனான். "அப்பா! நாளைக்கு இதை ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் ஓட்டிக் காட்டணுமே!"

மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் கப்பல்களை நிறுத்தியவருக்கு இந்த ஒரு கப்பலை நிறுத்தத் தெரியவில்லை. ஆனாலும் முதுகு வளையவில்லை.

"என் பையன் போன்ல ஒரு குறையும் இல்ல. குறை உங்க ஆப்புல. அளவுக்கு மீறிய அதிகாரமாம்! அளவை யார் வெச்சது? எங்க வீட்டைக் குத்திக் காட்டணும்னே உங்க பையன்கிட்ட சொல்லி எழுத வெச்சிருக்கீங்க. அந்த வரியை எடுத்தாத்தான் இனி நமக்குள்ள பேச்சு."

"நல்லாயிருக்கே கதை! எனக்கு அந்த ஆப்பைத் திறக்கவே தெரியாது. நான் என்னத்தைச் சொல்லி எழுத வெக்கறது?" என்றார் சம்பந்தி.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "மாமா, அந்த வரி நான் எழுதினதும் இல்ல."

"வேற யார் எழுதினா? ஆளைச் சொல்லுங்க மாப்பிள்ளை. நேர்ல நிக்க வெச்சு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

மகள் கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"நான்தான்ப்பா. எந்த மாதிரி ஆளுக்கு இந்த ஆப் திறக்கவே கூடாதுன்னு அவர் யோசிச்சிட்டிருந்தப்ப, நான் உங்களைத்தான் சொன்னேன்."