துறைமுக ஆபீஸ் மாப்பிள்ளை

பஸ் கிளம்பி அரை மணி நேரத்திற்குள் கைடுக்குத் தொண்டை போய்விட்டது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று வாயசைத்தார். காற்றுதான் வந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக்குக்கு ஒரு குறையும் இல்லை.

"இதுக்கெல்லாம் கவலைப்படலாமா?" என்று ஐந்தாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் நாம போற ஊர்லதான் ரெண்டு வருஷம் துறைமுக ஆபீஸ்ல வேலை பாத்தார். மூலை முடுக்கெல்லாம் அத்துப்படி. மைக்கை இப்படிக் குடுங்க."

அந்த வீட்டுக்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூடியதால் மட்டும் எழுப்பாமல் விட்டுவிடுவார்களா?

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அந்தக் கடலோர நகரத்தை அவர் காலண்டரில்தான் பார்த்திருக்கிறார். கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு வருஷமும் அண்ணன் வீட்டு மாடியில் சும்மா படுத்துக் கிடந்தார். பெண் வீட்டாரிடம் அதைச் சொல்ல முடியுமா? 'துறைமுக ஆபீஸ்' என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் காலத்தை ஓட்டிவிட்டார். இந்தத் தடவை மனைவி அவரைக் கேட்காமலேயே மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள்.

மூன்றாவது டிக்கெட் மாமனாருக்கு. மாமனார் ஓய்வு பெற்ற சர்வேயர். சங்கிலி போட்டு அளக்காமல் ஒரு வார்த்தை பேசாதவர். போதாக்குறைக்கு, கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஊருக்கே நேரில் போய் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு வந்து, "பையன் தங்கம்" என்று சொன்னவர். அங்கே போய் யாரை விசாரித்தார், எப்படித் தங்கம் என்றார் என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு இன்றுவரை புரியாத மர்மம். கேட்கவும் வழியில்லை.

"இவருக்குப் பொய்யே வராதுங்க," என்று மனைவி பக்கத்து சீட்டு டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா விசாரிச்சுட்டு வந்து முதல்ல சொன்னதே அதான்."

"அப்போ எல்லாத்தையும் எழுதிக்கிறேன்," என்று டீச்சர் நோட்டைப் பிரித்தாள். "அறுபது பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும்."

"இருபத்திரண்டு வருஷத்துல ஊரே மாறியிருக்குமே," என்று முனகினார் கண்ணாடிக்கடைக்காரர்.

"கோட்டை எங்கேங்க போகும்?" என்றாள் மனைவி.

முன் சீட்டில் மாமனார் ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் பிளாஸ்டிக் பையுமாக வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. வழியில் இரண்டு முறை அவருக்காக வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது.

கோட்டை வந்தது. முப்பத்தைந்து பேர் கண்ணாடிக்கடைக்காரரின் வாயையே பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு ஓட்டை இருந்தது.

"இந்த ஓட்டை வழியாத்தான்," என்று தொண்டையைச் செருமினார், "ராணி கப்பல் வருதான்னு பார்ப்பாங்க."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தார். மானம் போகப்போகிறது.

மாமனார் நிதானமாகத் தலையை ஆட்டினார். "ஆமா. அப்பவே நானும் பார்த்தேன்."

டீச்சர் எழுதிக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரருக்கு மூச்சு திரும்பியது. குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டது போலிருக்கிறதே! அடுத்திருந்த பீரங்கிக்கு ஒரு பெயரும் ஒரு சண்டையும் கொடுத்தார். மாமனார் அதற்கும் தலையாட்டினார். ஆட்ட ஆட்ட, சரக்கு தானாக வந்தது. கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் இரண்டு ராஜாக்களைக் கொன்றுவிட்டிருந்தார்.

"மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு படி," என்றார் அமர்க்களமாக. "தினம் சாயங்காலம் ஏறுவேன்."

"நானும் எண்ணியிருக்கேன்," என்றார் மாமனார்.

"சார்," என்றாள் டீச்சர், "போர்டுல தொண்ணூற்று நாலுன்னு போட்டிருக்கே?"

எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள்.

"மணல் ஏறிப்போச்சும்மா," என்றார் மாமனார் சற்றும் அசராமல். "கீழ்ப்படியெல்லாம் உள்ளே போயிடுச்சு. கடலோர நிலம் அப்படித்தான். நான் சர்வேயர், சொல்றேன்."

டீச்சர் தொண்ணூற்று நாலை அடித்துவிட்டுத் திருத்திக்கொண்டாள். கண்ணாடிக்கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நூற்றுப் பதினெட்டுப் படியை மணல் விழுங்குமா? அப்படியென்றால் மாமனாருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் காப்பாற்றுகிறார்.

"சரி, நீங்க தங்கியிருந்த இடத்தைக் காட்டுங்க," என்றாள் மனைவி.

"அதை இடிச்சிருப்பாங்க."

"போய்த்தான் பாப்போமே."

தெருத்தெருவாக அலைந்தார்கள். முப்பத்தைந்து பேருக்கும் கால் ஓய்ந்தபோது, வேறு வழியில்லாமல், கண்ணில் பட்ட ஒரு மஞ்சள் மாடிக் கட்டடத்தைக் கைகாட்டினார். "அதோ. மேல் மாடி, கடைசி ரூம்."

"அப்பா, நீங்க வந்து விசாரிச்சது இங்கதானே?"

"இதேதான். இந்த கேட்டுலதான் நின்னு விசாரிச்சேன்."

கேட் திறந்தது. சாவிக்கொத்தோடு ஒரு அம்மாள் வெளியே வந்தாள். "யாருங்க வேணும்? இது பெண்கள் விடுதி. ஆம்பளைங்க உள்ளே வரக்கூடாது."

"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள் மனைவி. குரல் மாறிவிட்டது.

"ஐம்பது வருஷமா."

முப்பத்தைந்து பேரும் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார்கள். டீச்சர் எழுதுவதை நிறுத்தினாள்.

"பின்னாடி ஒரு ஷெட் இருந்துச்சே?" என்று மாமனார் அவசரமாகக் கேட்டார்.

"சைக்கிள் ஷெட்டா? இருக்கு."

"அதான். மாப்ள அங்கதான் தங்கியிருந்தார். நான்தான் வெளியே சொல்லவேண்டாம்னு விட்டுட்டேன்."

மனைவியின் கண் கலங்கிவிட்டது. "சைக்கிள் ஷெட்லயா படுத்துக் கிடந்தீங்க? மேல் மாடின்னு ஏங்க சொன்னீங்க? நான் வருத்தப்படுவேன்னா?" என்று எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் வழியில் ஜன்னல் சீட்டை அவருக்கே விட்டுக்கொடுத்தாள். இனிமேல் எவ்வளவு குறட்டை விட்டாலும் கூடத்துக்கு விரட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். தன் சால்வையை அவர் காலில் போர்த்திவிட்டு, அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தச் சால்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் நல்ல மெத்தை போட்டுப் படுத்திருந்த மனுஷன் அவர். மனைவியின் தலையை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டு, எழுந்து போய் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா," என்றார். "நீங்க தெய்வம்."

மாமனார் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி திரும்பினார்.

"அன்னிக்கு நீங்க விசாரிக்க வந்தப்பவே, அப்படி ஒரு ஆளே இங்க இல்லேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் பொண்ணு குடுத்தீங்க. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் என் மானத்தையும் காப்பாத்துனீங்க. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு மாமா? துறைமுகமும் இல்ல, ஆபீஸும் இல்ல. இந்த ஊர் மண்ணை நான் மிதிச்சதே இன்னிக்குத்தான்."

எலுமிச்சம்பழம் மாமனாரின் கையிலிருந்து நழுவி, சீட்டுக்கு அடியில் உருண்டு ஓடியது.

"அடப்பாவி மாப்ள! அன்னிக்கு வாந்தி தாங்காம நான் பாதி வழியிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிட்டேன். இங்கே இருந்தவராச்சே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பித்தானேய்யா காலையிலேர்ந்து தலையாட்டிக்கிட்டு வர்றேன்!"