கடைசி அத்தியாய மன்னன்

நிம்மியைக் கொன்றது அவளுடைய பல் டாக்டர்தான் என்று அறுபது பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த நாவலை எழுதிய கொளஞ்சியப்பன் மட்டும் மேடையில் நின்றுகொண்டு, இல்லவே இல்லை என்றார்.

ஆரம்பித்து வைத்தவர் மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆதிமூலம். 'நிம்மிக்கு நேரம் சரியில்லை' நாவலில் டாக்டர்மேல் யாருக்கும் சந்தேகம் வராதபடி எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று எழுந்து கேட்டார். பாராட்டுத்தான். பேசாமல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். விதி யாரை விட்டது?

"டாக்டர் இல்லீங்க. நிம்மியோட மாமாவுக்கு ஒரு ரெட்டைப் பொறவி உண்டு. கடைசில சிங்கப்பூர்லேர்ந்து வருவான் பாருங்க, அவன்தான்."

அப்படி ஒருவன் அந்த நாவலிலேயே கிடையாது என்றார் ஆதிமூலம், மிகுந்த மரியாதையோடு. கையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து மேடைக்கு அனுப்பினார். கொளஞ்சியப்பன் படித்தார். பல் டாக்டர் கையில் விலங்கோடு நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்கும் நாலு கேள்விகளும் அவ்வளவு கச்சிதம். அதில் ஒரு எழுத்துகூட அவர் எழுதியதில்லை.

சும்மா உங்களைச் சோதித்துப் பார்த்தேன் என்று சமாளித்தார். கைதட்டினார்கள். அதோடு விட்டார்களா? ஒரு அம்மாள் எழுந்து 'லிஃப்டில் ஒரு லில்லி'யைப் பற்றிக் கேட்டார். அதிலும் தான் எழுதிய கொலைகாரனைச் சொன்னார் கொளஞ்சியப்பன். அதிலும் அவன் இல்லை. இதுவும் சோதனைதான் என்றபோது கைதட்டல் கொஞ்சம் கம்மியாக வந்தது. மூன்றாவது ஆள் எழுந்திருப்பதைப் பார்த்ததும், பல் வலி என்று சொல்லி மேடையை விட்டு இறங்கினார். டாக்டரிடம் பார்த்துப் போங்க என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது.

கள்ளக்குறிச்சியில் அவருக்காக வாசகர்கள் எடுத்த விழா அது. 'தேஜன்' என்ற பெயரில் அவர் எழுதிய துப்பறியும் நாவல்கள் தொண்ணூற்றொன்பது வந்துவிட்டன. நூறாவது அச்சுக்குப் போகப்போகிறது. கொளஞ்சியப்பன் என்ற பெயர் கொலையை எழுதுகிறவன் பெயர் மாதிரி இல்லை, கொலையாகிறவன் பெயர் மாதிரி இருக்கிறது என்று சென்னைப் பதிப்பாளர் வெங்கடேசன் ஆரம்பத்திலேயே மாற்றிவிட்டார். அட்டையில் தேஜனுக்கு மேலே சிவப்பில் ஒரு வரி இருக்கும்: கடைசி அத்தியாய மன்னன்.

அந்த ஒரு வரிதான் அவருக்கு எல்லாம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுகிறவர், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் கொளஞ்சியப்பன். வீட்டில் அந்தப் பதவியும் கிடையாது.

எழுதுகிறவர்களில் சிலருக்கு உண்டான பழக்கம் இவருக்கும் உண்டு. அச்சாகி வந்த தன் நாவலைத் திரும்பப் படிக்கமாட்டார். அட்டையைப் பார்ப்பார், சிவப்பு வரியைத் தடவிப் பார்ப்பார், பரணில் போட்டுவிடுவார். அன்று மலையேறி வந்ததும் பரணிலிருந்து அத்தனையையும் இறக்கிக் கடைசி அத்தியாயங்களைப் படிக்க உட்கார்ந்தார்.

மலைக்கு மாற்றலாகி வந்த ஒன்பது வருஷத்தில் வந்த எந்த நாவலிலும் கடைசி அத்தியாயம் அவருடையதில்லை. சமவெளியில் இருந்தபோது எழுதியவை மட்டும்தான் முழுக்க அவர் எழுத்து. அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு ரெட்டைப் பிறவி தவறாமல் விமானத்தை விட்டு இறங்கினான். அந்த அட்டைகளில் சிவப்பு வரி இல்லை.

பக்கத்தில் வந்து நின்ற மனைவி ஜெயசுதாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவளும் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தார்.

"அதான பாத்தேன்," என்றாள் அவள். "கடைசி அத்தியாயம் மட்டும் எப்படி நல்லாருக்குதுன்னு நானும் ஒம்போது வருசமா ரோசன பண்ணிக்கினு இருந்தேன்."

சந்தேகம் முதலில் போனது கள்ளக்குறிச்சி டிடிபி சென்டர் சிவரஞ்சனிமேல். கையால் எழுதுவதுதான் கொளஞ்சியப்பன் வழக்கம். தினம் ஒரு அத்தியாயத்தை ஆபீஸில் கழித்துப்போட்ட, அரசு முத்திரை போட்ட பழுப்பு உறையில் வைத்து, ரப்பர் பேண்டு சுற்றி, காலை ஏழு மணி பஸ்ஸின் கண்டக்டர் பாவாடையிடம் கொடுப்பார். இரண்டு மணி நேரத்தில் பஸ் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி போய்ச் சேரும். சிவரஞ்சனி அங்கே உறையை வாங்கிக்கொண்டு போய் டைப் அடிப்பாள். படம் எடுத்து போனில் அனுப்பலாம் என்றால் மலையில் சிக்னல் வருவதற்குள் கொலைகாரன் கிழவனாகிவிடுவான்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போய் சிவரஞ்சனியை நேராகக் கேட்டார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். புள்ளி வைக்காத எழுத்துக்குப் புள்ளி வைத்ததைத் தவிர ஒரு பாவமும் செய்ததில்லை என்றாள். அலமாரியைத் திறந்து பழைய தாள்களை எடுத்து மேசைமேல் போட்டாள். எல்லா அத்தியாயமும் கொளஞ்சியப்பனின் கோழிக்கிறுக்கல். கடைசி அத்தியாயம் மட்டும் பச்சை மையில், குண்டு குண்டான அழகான கையெழுத்து.

"நீங்க சொல்லச் சொல்ல வூட்ல எழுதுறாங்கன்னு நெனச்சேன் சார். கையெழுத்து நல்லாருந்ததால நான் எதுவும் கேக்கல."

ஜெயசுதாவோ மளிகைச் சீட்டைக்கூடத் தன்னிடம்தான் எழுதச் சொல்வாள் என்பது கொளஞ்சியப்பனுக்குத் தெரியும். அப்படியானால் வீட்டுக்கும் சிவரஞ்சனிக்கும் நடுவில் மிச்சமிருப்பது பஸ் ஒன்றுதான். பாவாடையைக் கூப்பிட்டுக் கேட்கவும் பயமாக இருந்தது. அவனிடம் வாயைத் திறந்தால் அடுத்த டிரிப்பில் சேதி மலை முழுக்கப் பரவிவிடும். கடைசி அத்தியாய மன்னனுக்குக் கடைசி அத்தியாயம் எழுதத் தெரியாது என்று கேழ்வரகு மூட்டை ஏற்றுகிறவர்கள்வரைக்கும் பேசுவார்கள்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நூறாவது நாவலில் கடைசி அத்தியாயத்தைத் தவிர மற்றவையெல்லாம் பஸ்ஸில் போய்விட்டன. கடைசியை எழுதி, யார் கையிலும் கொடுக்காமல், தானே எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மலையிறங்கினார். சிவரஞ்சனி டைப் அடித்துச் சென்னைக்கு அனுப்பும்வரை பக்கத்திலேயே நின்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தன் எழுத்து முழுசாகப் போகிறது என்று நிறைவாக இருந்தது.

மறுநாள் வெங்கடேசன் ஆபீஸ் போனில் வந்தார். குரலே சரியில்லை.

"சார், யாரோ உங்க பேருல வெளையாடியிருக்காங்க. கடைசி அத்தியாயம்னு ஒண்ணு வந்துருக்குது. எவனோ ரெட்டைப் பொறவி சிங்கப்பூர்லேர்ந்து வரான் சார். படிச்சிட்டு எனக்குக் கை காலு ஒதறுது."

கொளஞ்சியப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அவ்ளோ மோசமாவா இருக்குது?"

"எழுதினவன் கையில கெடைச்சான்னா போலீஸ்லயே குடுத்துடலாம். அத வுடுங்க. நீங்க எழுதினத மூணு நாளைக்குள்ள அனுப்புங்க. மன்னனின் நூறாவது கடைசி அத்தியாயம்னு அட்டை ரெடியா நிக்குது. வரலன்னா அந்த வரிய வேற ஆளு பேருக்குத்தான் போடணும்."

இரண்டு நாள் லீவு போட்டார். முட்டி மோதிப் பார்த்தார். எப்படி எழுதினாலும் மூன்றாவது பக்கத்தில் விமானச் சத்தம் கேட்டுவிடுகிறது. ரெட்டைப் பிறவியைத் துபாயிலிருந்து வரவைத்துப் பார்த்தார். ஆளைப் பார்த்தால் அதே முகம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றாள் ஜெயசுதா, காப்பி கொண்டுவந்தவள்.

மூன்றாம் நாள் காலை மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். துபாய்க்காரனையே உறையில் போட்டு, வழக்கம்போலப் பாவாடையிடம் கொடுக்கச் சொல்லி ஜெயசுதாவை அனுப்பினார். தான் மட்டும் நடந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போனார். முகத்தில் மாஸ்க், தலையில் துண்டு. பஸ் வந்ததும் பின்வழியாக ஏறிக் கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்துகொண்டார். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். பிடித்த பிறகு, இதையும் எழுதிக் கொடு, அச்சுக்குப் போகட்டும் என்று கெஞ்ச வேண்டும்.

டிக்கெட் கொடுத்து முடித்த பாவாடை, பஸ் நடுவில் வந்து கம்பியில் சாய்ந்து நின்றான். பையிலிருந்து உறையை எடுத்தான். பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாயை மூடினார்கள்.

"வந்துட்டுதாப்பா?" என்றார் முன்சீட்டில் இருந்த பெரியவர் மாதன். மலையில் நாலு ஊருக்கு நியாயம் சொல்கிறவர்.

"வந்துட்டுதுங்க."

"நாலு நாளா சோறே எறங்கல," என்றாள் சாமை மூட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெருமாயி.

பாவாடை உரக்கப் படித்தான். வளைவுகளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தான். சென்னை பங்களாவில் பால் குடித்துச் செத்துப்போன தொழிலதிபரின் மகள் அழுத இடத்தில் பெருமாயி மூக்கைச் சிந்தினாள். தன் எழுத்துக்கு ஒருத்தி அழுவதைக் கொளஞ்சியப்பன் முதன்முதலாகப் பார்த்தார். அவருக்கே கண் கலங்கியது. அப்போது துபாய் விமானம் வந்து இறங்கியது.

பெருமாயியின் அழுகை பட்டென்று நின்றது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அத மடிச்சி வையி," என்றார் மாதன். "ஊரு பேரு தெரியாதவன் தலையில பழியப் போட்டா பாவம் நம்மள சும்மா வுடுமா? எவனோ உண்மையான ஆளைக் காப்பாத்தறதுக்காக இப்படி எழுதிக் குடுக்கறான்."

பாவாடை அந்தத் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு ஆரம்பித்தது விசாரணை. ஒருவர் மனைவி என்றார், ஒருவர் மேனேஜர் என்றார். யாரும் விளையாட்டாகப் பேசவில்லை. ஒவ்வொருவர் சொன்னதற்கும் மாதன் எதிர்க்கேள்வி போட்டார். கடைசியில் பெருமாயி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டக்காரன் செடிக்குத் தண்ணி ஊத்துனத ஜன்னல் வழியா பாத்தேன்னு செத்தவரோட வக்கீலு சொல்லியிருக்கறாரு. மொத நாளு படிச்சதுல அன்னிக்குப் பூரா மழைன்னு இருக்குது. மழை பேஞ்சிக்கினு இருக்கும்போது எவனாவது செடிக்குத் தண்ணி ஊத்துவானா? அவரு அந்த ஜன்னல்லயே இல்ல. பாலு வச்சிருந்த எடத்தாண்டதான் இருந்திருக்கறாரு."

கொளஞ்சியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மழையை, கதாநாயகி சோகமாக இருக்கிறாள் என்பதற்காகச் சும்மா பெய்ய வைத்திருந்தார். தோட்டக்காரன் தண்ணீர் ஊற்றியது பக்கத்தை நிரப்ப. நூறு நாவல் எழுதியவருக்குத் தெரியாதது சாமை மூட்டைக்காரிக்குத் தெரிகிறது.

மாதன் தலையசைத்தார். வக்கீல்தான் என்று முடிவானது. தினமும் கள்ளக்குறிச்சிக்குக் கல்லூரி போய்வரும் சங்கவி, மடியில் நோட்டை வைத்துப் பச்சைப் பேனாவைத் திறந்தாள். தெளிவாக எழுதும்மா, அங்கே இருக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று மாதன் சொன்னார். அவள் எழுதியதைப் பாவாடை வாங்கி வாங்கிப் படித்தான். இன்ஸ்பெக்டர் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு வக்கீலிடம் மழையைப் பற்றிக் கேட்கிறார். எட்டே வரி. கொளஞ்சியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பொறாமை, அவமானம், ஆத்திரம் மூன்றும் ஒன்றாக வந்தன. உறை பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தால் சிவப்பு வரி தப்பிக்கும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் தன் முன்னாலேயே தன் நாவலைப் பிடுங்கித் தீர்ப்பு எழுதுகிறார்கள், மன்னன் எப்படிச் சும்மா இருப்பார்? கோமுகி அணை பக்கத்தில் பஸ் திரும்பும்போது துண்டையும் மாஸ்க்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தார்.

"நிறுத்துங்க. ஒம்போது வருசமா இத்தனையும் எழுதினவன் நான். கொன்னது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

கிளார்க்கு சாரா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாவாடையின் முகம் வெளுத்தது. சங்கவி பேனாவை மூடினாள். பெருமாயி வாயில் கை வைத்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை, சிவப்பு வரி போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார் கொளஞ்சியப்பன்.

மாதன் மெதுவாக எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கடைசி சீட்டுவரைக்கும் வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எழுதி அனுப்பறது நீங்கதானுங்களா? அப்ப உங்களாண்டயே கேக்கறேன். ஒம்போது வருசமா, கொன்னவன் யாருன்னு நாங்களும் கண்டுபுடிச்சி எழுதி அனுப்பிக்கினே இருக்கறோம். ஒருத்தனையாச்சும் ஜெயில்ல போட்டாங்களா?"