மாப்பிள்ளையின் வலது காது

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. இருந்தால் நல்லது, அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள் நான். வானம் இருட்டினாலே இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிடுவேன். (“இடி விழ முதலே எங்கட வீட்டில நெட் விழுந்திடும்” என்பாள் என் மனைவி ஜெசிந்தா.) இப்படிப்பட்டவனின் கையில் தொழில்நுட்பச் செய்திகள் அகப்பட்டால் என்ன நடக்கும்? தங்கையின் கலியாணம் குழம்பும். குழம்பியது.

அப்பா இறந்துபோனபோது நான் ஒன்பதாம் வகுப்பு. புத்தகப் பையை வைத்துவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஒரு எஞ்சின் கடையில் சேர்ந்தேன். இன்றைக்குப் படகு எஞ்சின் திருத்துகிற சின்னக் கடையொன்று எனக்கென்று இருக்கிறது. நான் விட்ட படிப்பையும் சேர்த்துப் படித்தவள் என் தங்கை டிலானி. மென்பொருள் எழுதுகிறாள். லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டு இருந்துகொண்டே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். அந்தக் கம்பனிக்குக் கட்டடமே கிடையாதாம். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு அறை. பூட்டுப் போட ஒரு கதவுகூட இல்லாத கம்பனி என்பதே எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது.

ஒருநாள் மதியம் சோற்றில் சொதியை விட்டுக்கொண்டே சொன்னாள்.

“அண்ணா, நிரோஷன் எண்டு ஒருத்தர். நோர்வேயில இருக்கிறார். எங்கட கம்பனிதான். எனக்குப் பிடிச்சிருக்கு. அவையின்ர வீட்டிலயும் ஓம் எண்டிட்டினம்.”

“நல்ல விசயம்தானே. எப்ப ஆளைக் கண்டனீ?”

“ஒவ்வொரு நாளும் வீடியோவில காணுறன்.”

“நேரில?”

“நேரில இன்னும் காணேல்ல.”

கையில் இருந்த கவளம் சோற்றுக் கோப்பைக்கே திரும்பியது.

காரணம் இருந்தது. அந்தக் கிழமைதான் கடையில் இருந்து கைத்தொலைபேசியில் ஒரு செய்தி பார்த்திருந்தேன். செயற்கை நுண்ணறிவால் செய்த பொய் முகத்தைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்கு வருகிறார்களாம், வேலையும் எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் சம்பளமும் வாங்குகிறார்களாம். கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாதாம். வேறொரு கம்பனியில் வீடியோக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒரே ஒருவர் மட்டும்தான் உண்மை, மற்ற எல்லோருமே பொய் என்றும் சொன்னார்கள்.

“உங்கட கம்பனியில எத்தனை பேர் உண்மையான ஆக்கள்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தி” என்றாள்.

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. என்னுடைய தொழில் அப்படி. அசல் கம்பனிப் பெட்டிக்குள் போலி எஞ்சின் பிளக் வருகிற காலம் இது. பெட்டியை நம்பிப் பிளக் வாங்கியவன் கொட்டியாரக் குடாவின் நடுவில் நின்று துடுப்புப் போடுவான். பிளக்குக்கே இந்தக் கதி என்றால் மாப்பிள்ளைக்கு?

அன்றே முடிவெடுத்தேன். ஆள் அசலா போலியா என்று பார்க்காமல் ஓம் சொல்வதில்லை. யார் தடுத்தாலும் சரி. வழியும் தெரிந்துதான் இருந்தது. பொய் முகம் பக்கவாட்டில் திரும்பினால் குலைந்துவிடும், முகத்துக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோனால் கிழிந்துவிடும் என்று அதே செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் முறையாகப் பேசுவதென்று ஏற்பாடு. டிலானி என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள்.

“அண்ணா, அங்க இஞ்ச பார்த்ததுகளை வைச்சு ஒண்டும் செய்யாதேங்கோ. இது என்ர வாழ்க்கை. குழப்பிப் போட்டீங்களெண்டால் நான் வேற ஒருத்தரையும் கட்டமாட்டன்.”

“நான் ஏன் பிள்ளை குழப்பப் போறன்” என்றேன். (குழப்பவில்லையே, காப்பாற்றத்தானே போகிறேன்!)

பேச்சைத் தொடங்குவது வீட்டு ஆண்பிள்ளை, பெண் பிறகுதான் வரவேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. பல நாட்டுக்காரரை ஒன்றாக இருத்திக் கூட்டம் நடத்துகிற டிலானி, தன்னுடைய கலியாணப் பேச்சுக்குத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் இருந்தாள். என் தொலைபேசிக் கமராவில் கடை எண்ணெய் பிடித்திருந்ததால் ஜெசிந்தாவின் தொலைபேசியைப் பூச்சாடியில் சாத்தி வைத்தோம். அதன் ஒரு மூலையில் கண்ணாடி வெடித்திருந்தது, சரியாக என்னுடைய படம் தெரிகிற மூலை. என் மூஞ்சி எனக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

அழைப்பு வந்தது. நடுவில் நிரோஷன், ஒரு பக்கம் சேலை உடுத்த தாய், மறுபக்கம் வாயே திறக்காத தகப்பன். என்னைக் கண்டதும் மூவரும் ஆளையாள் பார்த்தார்கள். தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். குளிர் நாடு, இருமலாக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. அவர்களுக்குப் பின்னால் சுவர் இல்லை, கதிரை இல்லை, வெறும் புகை. உண்மையான மனிதனுக்குப் பின்னால் ஒரு சுவராவது இருக்காதா?

“தம்பி, முகத்தில ஒரு நுளம்பு கடிக்குது. தட்டி விடுங்கோ.”

“நுளம்போ அண்ணா? வெளியில பனி கொட்டுது.”

“அப்ப வேர்வையாக்கும். கையால ஒருக்காத் துடையுங்கோ.”

நல்ல பிள்ளை, ஒன்றும் கேட்காமல் துடைத்தார். துடைத்த கையில் இரண்டு விரல் புகையாகிப் போனதை என் கண்ணால் கண்டேன்.

“இப்ப இடப்பக்கம் ஒருக்காத் திரும்புங்கோ.”

“என்ன தம்பி, பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கிறீங்களோ?” என்றார் தாய்.

நிரோஷன் திரும்பினார். வலது காது கமராவுக்கு முன்னால் வரவேண்டும். கன்னம் வந்தது. கன்னத்துக்குப் பிறகு நேராகப் புகை.

“காது இல்லை!” என்று கத்தினேன். “டிலானி, வெளியில வா! இது ஆளே இல்லை! காது இல்லாத ஆள்!”

குசினிக்குள் இருந்து ஜெசிந்தா ரோல்ஸ் தட்டோடு ஓடிவந்தாள். திரைச்சீலை கம்பியோடு கழன்று விழ, டிலானி வெளியே வந்தாள்.

“ஆருக்குக் காது இல்லை?” தாய் எழும்பிவிட்டார். “என்ர பிள்ளைக்கோ?” மகனின் காதைப் பிடித்துக் கமராவுக்குக் கிட்ட இழுத்தார். “இந்தா, வடிவாப் பாருங்கோ! பிறந்த நாள் தொடக்கம் இருக்கு!”

“ஐயோ அம்மா, நோகுது!”

திரை முழுக்கக் காது. சிவந்துபோய், மடலில் ஒரு மச்சத்தோடு. இந்தக் கத்து கத்துகிற செயற்கை நுண்ணறிவை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கே விளங்கியது.

“அண்ணா,” டிலானி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், “அது பின்னால இருக்கிறதை மறைக்கிற வசதி. சிலவேளை காதையும் சேர்த்து மறைச்சுப் போடும்.”

“பின்னுக்கு உடுப்புக் காயுது அண்ணா, அதுதான்...” என்று நிரோஷன் அந்த மறைப்பை எடுத்துவிட்டார். புகை விலகியது. சுவர் இருந்தது. சுவருக்கு முன்னால் ஒரு கொடியில், குளிருக்கு உள்ளே போடுகிற நீளக் களுசான்கள் வரிசையாகத் தொங்கின.

தகப்பன் முதன்முறையாக வாயைத் திறந்தார். “என்ர களுசானை ஏனடா காட்டுறாய்?”

அந்த இடத்திலாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நானோ, பொய் முகம், குறுக்கே கை என்று செய்தியில் பார்த்ததையெல்லாம் சொல்லி, வீட்டுக்குப் பொறுப்பானவன் பார்க்கத்தானே வேண்டும் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

“சரி,” என்றார் தாய், “இப்ப நீங்கள் உங்கட முகத்துக்குக் குறுக்கால கையைக் கொண்டுபோங்கோ பாப்பம்.”

போலிக்குத்தானே பயம்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையைக் கொண்டுபோனேன். அங்கே நிரோஷன் மேசையில் கவிழ்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. டிலானி தொலைபேசியின் வெடித்த மூலையைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்தினாள்.

“அண்ணா, உங்களுக்கு லிப்ஸ்டிக் பூசிக் கிடக்கு.”

முதல் நாள் ஜெசிந்தா தன் அக்காவோடு வீடியோவில் பேசும்போது, உதட்டுச் சாயம் பூசிக் காட்டுகிற வசதியொன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்த மறந்திருக்கிறாள். மாப்பிள்ளை அசலா என்று நான் விசாரணை நடத்திய நேரம் முழுக்க, மீசைக்குக் கீழே இரத்தச் சிவப்பில் எனக்கு உதடு. கண்ணுக்கு மையும் இருந்ததாம். கையைக் குறுக்கே கொண்டுபோனபோது உதடு கழன்று விரலில் ஒட்டிக்கொண்டதாம்.

“தொடக்கத்திலயே கண்டனாங்கள்,” என்றார் தாய். “ஊரில இப்ப ஆம்பிளையளும் பூசுறவையாக்கும் எண்டு பேசாம இருந்தனாங்கள். சம்பந்தம் பேச வந்த இடத்தில அதையெல்லாம் கேக்கிறதோ? சரி தம்பி, நாங்கள் பிறகு எடுக்கிறம்.”

திரை இருண்டது. ‘பிறகு’ என்று போன சம்பந்தம் திரும்பி வந்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை.

டிலானி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜெசிந்தா ரோல்ஸ் தட்டை என் முன்னால் வைத்து, “எல்லாத்தையும் நீங்களே தின்னுங்கோ” என்றாள்.

அடுத்த நாள் கடையில் கழற்றிய எஞ்சினைப் பூட்ட முடியவில்லை. ஆனால் மாப்பிள்ளையைச் சோதிக்க வந்த பிடிவாதம் மன்னிப்புக் கேட்கவும் வரத்தானே வேண்டும். எண்ணெய்க் கையோடு நோர்வேக்கு அழைப்பு எடுத்தேன். வீடியோ இல்லை, வெறும் குரல்தான். அந்த உதடு எங்கிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்!

“அன்ரி, பிழை என்னிலதான். தங்கச்சிக்கு ஒண்டும் தெரியாது. நான் சரியான பயந்தாங்கொள்ளி. என்னை வைச்சு அவளை வேண்டாம் எண்டிடாதேங்கோ.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

“தம்பி, நான் எப்பிடிக் கலியாணம் கட்டினனான் தெரியுமோ? ஒரு போட்டோவைப் பார்த்து. போட்டோவில சுருள் முடி, நெத்தியில விழுந்து கிடக்கு. இஞ்ச விமான நிலையத்தில வந்து இறங்கினால் ஒரு மொட்டைத் தலை பூவோட நிக்குது. டாக்சிக்காரர் எண்டு நினைச்சுச் சூட்கேசைக் குடுத்திட்டு, மாப்பிள்ளை எங்க எண்டு சுத்திப் பாக்கிறன்.”

“இப்ப ஏன் அந்தக் கதை?” என்று பின்னால் தகப்பனின் குரல் கேட்டது.

“நீங்கள் பேசாம இருங்கோ. மனுசன் தங்கம் தம்பி, அது வேற கதை. எனக்கு நாலு அண்ணன்மார். ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்டவையோ? நீங்கள் காது வரைக்கும் கேட்டிட்டீங்கள். கத்தினது கூடாது. கேட்டதில பிழை இல்லை. அவனை நேரில அனுப்புறன். தொட்டுப் பார்த்திட்டு ஓம் சொல்லுங்கோ.”

“தொடாமலே ஓம் அன்ரி!” என்றேன். எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்தேன். (எஞ்சின் புகை என்று பக்கத்துக் கடைக்காரருக்குச் சொன்னேன்.)

நிரோஷன் வந்தார். லிங்கநகர் வீட்டு வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. தலையைச் சாய்த்து, “அண்ணா, முதல் இதை முடிப்பம்” என்று வலது காதை நீட்டினார். அயலட்டையெல்லாம் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றது. வேண்டாம் தம்பி, வெட்கமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். ஆனாலும் பிடித்துப் பார்த்தேன். ஒருவேளை என்று ஒன்று இருக்கிறதே!

கலியாணம் கோயிலில் நல்லபடி நடந்தது. அதன் பிறகு நோர்வேச் சொந்தக்காரர் யார் வீடியோ அழைப்பு எடுத்தாலும் முகத்தைக் காட்டுவதில்லை. எனக்கு முதலில் காதைத்தான் காட்டுகிறார்கள். அங்கே பிறந்து தமிழ் தட்டுத்தடுமாறுகிற சின்னதுகளும் அதை மட்டும் பிழையில்லாமல் செய்கிறதுகள்.

போன மாதம் டிலானியிடமிருந்து ஒரு ஸ்கேன் படம் வந்தது. புகை மண்டலத்துக்குள் பிறைபோல ஒரு உருவம். கீழே நிரோஷன் எழுதியிருந்தார்: “மச்சான், ஆள் பக்கவாட்டில திரும்பித்தான் இருக்கு. காது தெரியுதோ?”

வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தொலைபேசியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். தெரிந்தது. அதன் பிறகுதான் வாழ்த்துச் சொன்னேன்.